போத்தனூர் ஸ்டேஷனும் ஒரு போட்டோவும்

அரசுக் கட்டடம் என்றதும் எது நினைவுக்கு வரும்? டெல்லியில் நாடாளுமன்றம், சென்னையில் செயின்ட் ஜார்ஜ் கோட்டை, ரிப்பன் மாளிகை, கோவையில் டவுன்ஹால். பாடப்புத்தகத்தில் பார்த்தவை, காலண்டரில் பார்த்தவை, டிவி செய்தியில் நிருபர் மைக்கோடு நிற்கும்போது பின்னால் தெரிபவை. சரி, இந்தக் கட்டடங்களுக்கு உள்ளே வாழ்க்கையில் ஒரு தடவையாவது போய் வந்தவர்கள் எத்தனை பேர்? ஒரு தெருவுக்கு இரண்டு பேர் தேறினாலே ஆச்சரியம்!

ஆனால் எல்லோரும் போய் வந்த அரசுக் கட்டடம் ஒன்று இருக்கிறது. அங்கே போக மனு எழுத வேண்டாம், சிபாரிசு வேண்டாம், வாசலில் யாருக்கும் கும்பிடு போட வேண்டாம். ராத்திரி இரண்டு மணிக்கும் விளக்கு எரியும். அதுதான் ரயில்வே ஸ்டேஷன். கல்யாணமாகிப் போகிற பெண்ணை வழியனுப்புவது அங்கேதான். வேலை தேடிப் போகிற பையன் திரும்பிப் பார்ப்பதும் அங்கேதான். அரசாங்கம் என்ற பெரிய விஷயத்தைச் சாதாரண மனிதர் கையால் தொட்டுப் பார்க்கும் இடம் அது.

கோயம்புத்தூர் ஜங்ஷனிலிருந்து தெற்கே சுமார் 6 கிலோமீட்டரில் இருக்கும் போத்தனூருக்கு அடையாளமே அதன் ஸ்டேஷன்தான். "ஏனுங்க, ஸ்டேஷனுக்கு எந்தப் பக்கம் போகோணும்?" என்றுதான் வெளியூர்க்காரர் கேட்பார். உள்ளூர்க்காரர் வழி சொல்வதும் ஸ்டேஷனுக்கு இந்தப் பக்கம், ஸ்டேஷன் தாண்டி அந்தப் பக்கம் என்றுதான். இன்று அங்கே இறங்குபவர்கள் செல்போனை எடுத்து மஞ்சள் பலகையோடு ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். "போத்தனூர் சந்திப்பு" என்ற கறுப்பு எழுத்து, பக்கத்தில் சிரித்த முகம். அவ்வளவுதான், ஸ்டேட்டஸ் ரெடி.

அந்தப் போட்டோவில் என்ன தெரிகிறது, என்ன தெரியாமல் போகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

கேமரா முதலில் யார் கையில் இருந்தது?

இன்று மக்கள் அரசின் கட்டடங்களைப் படம் எடுக்கிறார்கள். ஆனால் தொடக்கத்தில் நடந்தது தலைகீழ். அரசுதான் மக்களின் கட்டடங்களைப் படம் எடுத்தது!

லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி 1856-ல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். 1857 கடைசியிலும் 1858 தொடக்கத்திலும் மாட்டு வண்டிகளில் கேமராவையும் ரசாயனங்களையும் ஏற்றிக்கொண்டு தமிழ்நாட்டைச் சுற்றினார். ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, தஞ்சாவூர், சேலம் மாவட்டத்தில் ராயக்கோட்டை என்று கோயில்களும் கோட்டைகளும் அவர் கேமராவில் பதிவாகின. தஞ்சைப் பெரிய கோயிலின் மிகப் பழைய போட்டோக்களில் அவர் எடுத்தவையும் உண்டு. ஆனால் புதிதாக வந்த கவர்னர் டிரெவெலியன் கஜானா இருக்கும் நிலையில் போட்டோ எடுப்பது ஆடம்பரச் செலவு என்று கருதினார். 1860-ல் அந்தப் பதவியே போய்விட்டது.

ஆளும் அரசு எதற்காகப் போட்டோ எடுத்தது? கலை ஆர்வம் இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் எது எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்வதும் ஆட்சியின் ஒரு வேலை. நிலத்தை அளந்தார்கள், தலைகளை எண்ணினார்கள். 1868 முதல் 1875 வரை "இந்திய மக்கள்" என்ற பெயரில் எட்டு தொகுதிகளாகச் சாதிகளையும் இனக்குழுக்களையும் போட்டோ எடுத்துப் புத்தகம் போட்டார்கள். கேமரா வைத்திருந்தவர் பார்த்தார், மற்றவர்கள் பார்க்கப்பட்டார்கள். இந்த வித்தியாசம் முக்கியம். போத்தனூர் ஸ்டேஷன் பிறந்ததும் இந்தக் காலத்தில்தான்.

5 சதவீதக் கதை

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. ராயபுரம் ஸ்டேஷன் கட்டடம் இன்றும் இருக்கிறது. இந்தியாவில் இன்றும் நிற்கும் ஸ்டேஷன் கட்டடங்களில் அதுதான் மிகப் பழையது. மெட்ராஸ் ரயில்வே கம்பெனியின் திட்டம் கிழக்குக் கடற்கரையை மேற்குக் கடற்கரையோடு இணைப்பது. அதனால் இரண்டு பக்கமிருந்தும் வேலை நடந்தது. கோழிக்கோட்டுக்குப் பக்கத்தில் உள்ள பேப்பூரிலிருந்து திரூர் வரை 1861-ல் ரயில் ஓடத் தொடங்கியது. கிழக்கிலிருந்து சேலம், ஈரோடு வழியாக ஒரு பாதையும், மேற்கிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஒரு பாதையும் 1862-ல் போத்தனூரை எட்டின. சென்னையையும் அரபிக் கடலையும் இணைத்த பாதையில் போத்தனூர் ஒரு முக்கியக் கண்ணி.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பாதை கோயம்புத்தூர் நகரத்துக்குள் வரவே இல்லை! இருகூரிலிருந்து நேராகப் போத்தனூருக்குப் போய்விட்டது. போத்தனூரிலிருந்து கோயம்புத்தூர் வழியாக மேட்டுப்பாளையத்துக்குக் கிளைப் பாதை வந்தது 1873-ல்தான். ஊட்டி மலை ரயிலுக்கு அஸ்திவாரம் அந்தக் கிளை. 2005-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக அறிவித்த அந்த மலை ரயிலைப் படம் எடுக்க உலகம் முழுவதும் இருந்து ஆட்கள் வருகிறார்கள். அதன் வேர் போத்தனூரில் இருப்பது பலருக்குத் தெரியாது.

இங்கே வணிகவியல் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. மெட்ராஸ் ரயில்வே ஒரு தனியார் கம்பெனி. லண்டனில் பங்குகளை விற்றுப் பணம் திரட்டியது. ஆனால் பங்குதாரர்களுக்கு ரிஸ்க் என்ற பேச்சே இல்லை. போட்ட முதலுக்கு ஆண்டுக்கு 5 சதவீத வட்டிக்கு அரசு உத்தரவாதம் கொடுத்திருந்தது. நிலமும் இலவசம். ரயில் ஓடி வரும் வருமானம் 5 சதவீதத்துக்குக் குறைந்தால் மீதியை அரசு தரும். அரசுக்கு ஏது பணம்? நிலவரி, உப்பு வரி. அதாவது கொங்கு நாட்டில் ரயிலையே பார்க்காத ஒரு விவசாயி கட்டிய வரியிலும் லண்டன் பங்குதாரருக்குப் பங்கு இருந்தது!

ஆகவே போத்தனூர் ஸ்டேஷன் காகிதத்தில் கம்பெனிச் சொத்து, ஆனால் அதைத் தாங்கியது மக்கள் பணம். 1908-ல் அது தென்னிந்திய ரயில்வேயின் கைக்குப் போனது. 1944-ல் அந்த நிர்வாகத்தை அரசு நேரடியாக எடுத்துக்கொண்டது. 1951 ஏப்ரல் 14 அன்று தெற்கு ரயில்வே பிறந்தது. மக்கள் பணத்தில் நின்ற ஸ்டேஷன் மக்களின் அரசுக்குச் சொந்தமாக, தண்டவாளம் வந்து ஏறத்தாழ 90 வருடங்கள் ஆயின.

போட்டோவில் இல்லாத ஓர் இரவு

இனிச் சொல்லப்போவது படிக்கச் சங்கடமான பகுதி. ஆனால் போத்தனூர் ஸ்டேஷனைப் பற்றி எழுதிவிட்டு இதை விட்டுவிட முடியாது.

1921 ஆகஸ்டில் மலபாரில் மாப்பிளாக் கிளர்ச்சி வெடித்தது. ராணுவச் சட்டம் வந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் கைதானார்கள். மலபார் சிறைகளில் இடமில்லாமல் போகவே, கைதிகளை ரயிலில் ஏற்றி வெளி மாவட்டச் சிறைகளுக்கு அனுப்பினார்கள். நவம்பர் 19 அன்று இரவு திரூரில் ஏறத்தாழ 100 கைதிகளை மூடிய கூட்ஸ் வேகன் ஒன்றில் ஏற்றிக் கதவைச் சாத்தி, சென்னை போகும் பாசஞ்சர் ரயிலோடு கோர்த்துவிட்டார்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் மாப்பிளா முஸ்லிம்கள், சில இந்துக்களும் இருந்தார்கள். சாமான் ஏற்றுவதற்கான வேகன் அது. அத்தனை பேர் மூச்சு விடுவதற்கு வேண்டிய காற்று உள்ளே வர வழியில்லை.

ரயில் ஷொர்ணூரில் நின்றது. ஓலவக்கோட்டில் நின்றது. உள்ளேயிருந்து வந்த கூக்குரலுக்குக் கதவு திறக்கவில்லை. போத்தனூரில் வந்துதான் திறந்தார்கள். அதற்குள் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மூச்சுத் திணறி இறந்து கிடந்தார்கள். பிழைத்தவர்களைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயும் சிலர் இறந்தார்கள். மொத்தச் சாவு எழுபது வரை என்று கணக்குகள் சொல்கின்றன. இறந்தவர்களின் உடல்கள் திரும்பவும் ரயிலில் ஏற்றப்பட்டுத் திரூருக்கே போய்ச் சேர்ந்தன.

சென்னை மாகாண அரசு நேப் என்ற அதிகாரியின் தலைமையில் விசாரணைக் குழு அமைத்தது. இறந்தவர்களின் குடும்பத்துக்கு 300 ரூபாய் உதவித்தொகை கொடுக்கப்பட்டது. 300 ரூபாய்!

மாப்பிளாக் கிளர்ச்சி பற்றி வரலாற்றாசிரியர்களிடையே இன்றுவரை வாதம் ஓயவில்லை. குடியானவர் போராட்டமா, கிலாபத் போராட்டமா, மதக் கலவரமா, எல்லாம் கலந்ததா என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். கிளர்ச்சியின்போது அப்பாவி இந்துக்கள் பலர் கொல்லப்பட்டதும் உண்மை. ஆனால் அந்த வேகனுக்குள் நடந்ததற்கு இந்த வாதங்கள் எதுவும் பதில் ஆகாது. கைது செய்யப்பட்ட மனிதனின் உயிருக்கு அவனைக் கைது செய்த அரசுதான் பொறுப்பு. அந்தப் பொறுப்பை அரசு எப்படிக் கைவிட்டது என்பது வெளிச்சத்துக்கு வந்த இடம் போத்தனூர்.

ஒரு ஸ்டேஷனின் முகப்பைப் போட்டோ எடுத்தால் சுவர் தெரியும், கூரை தெரியும், பலகை தெரியும். இந்த இரவு தெரியாது.

காலையில் அடிக்கும் சங்கு

இன்னொரு வரலாறும் இங்கே புதைந்திருக்கிறது. போத்தனூர் வெறும் ரயில் நிற்கும் ஊர் அல்ல, ரயில் வேலைக்காரர்களின் ஊர். ரயில்வே காலனி, குவார்ட்டர்ஸ், பட்டறை, ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் என்று ஊரின் வாழ்க்கையே ரயில்வேயைச் சுற்றித்தான் வளர்ந்தது. பட்டறைச் சங்குதான் கடிகாரம். டிரைவர், கார்டு, பாயின்ட்ஸ்மேன், கேங்மேன் என்று வேலையின் பெயரே வீட்டுக்கு அடையாளம் ஆன ஊர் அது.

தென்னிந்திய ரயில்வேக்கு அப்போது நாகப்பட்டினத்திலும் போத்தனூரிலும் பட்டறைகள் இருந்தன. அவற்றை மூடி எல்லாவற்றையும் திருச்சி பொன்மலையில் ஒரே இடத்தில் வைக்க நிர்வாகம் முடிவு செய்தது. கூடவே ஆட்குறைப்பும் வந்தது. இன்றைய பாஷையில் சொன்னால் "காஸ்ட் கட்டிங்". 1928-ல் தொழிலாளர்கள் எதிர்த்தார்கள். நிர்வாகம் பட்டறைகளைப் பூட்டியது. ஜூலையில் அது தென்னிந்திய ரயில்வே முழுவதுக்குமான வேலைநிறுத்தமாக மாறியது. சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் முன்னணியில் நின்றார்கள். பத்தே நாட்களில் போராட்டம் ஒடுக்கப்பட்டது. தலைவர்கள் கைதானார்கள். அறுபது வயதைத் தாண்டிய சிங்காரவேலருக்குப் பத்து வருடச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 1930-ல் விடுதலையானார்.

வேலைநிறுத்தம் தோற்றது. ஆனால் ஸ்டேஷன் என்பது அரசின் கட்டடம் மட்டும் அல்ல, அங்கே வேலை செய்பவர்களின் கட்டடமும்தான் என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்த முதல் சந்தர்ப்பங்களில் அது ஒன்று. பின்னர் போத்தனூரில் சிக்னல் மற்றும் தொலைத்தொடர்புப் பட்டறை நிலைத்து நின்றது. ரயில்வேக் கோட்டத்தின் தலைமையிடமாக இருந்த பெருமை மட்டும் 1956-ல் ஓலவக்கோட்டுக்குப் போய்விட்டது. 2007 நவம்பர் 1 அன்று சேலம் கோட்டம் உருவானபோது போத்தனூர் பாலக்காட்டுக் கோட்டத்திலிருந்து சேலத்துக்கு மாறியது. பயணிக்கு இதெல்லாம் டிக்கெட்டில் தெரியாது. ஆனால் ஒரு பிளாட்பாரத்தில் கூரை போட வேண்டும் என்றால் எந்த ஊர் அதிகாரியிடம் போய் நிற்பது என்பது இதைப் பொறுத்துத்தான்!

கேமரா கைமாறுகிறது

அரசின் கையில் இருந்த கேமரா மக்களுக்கு எப்படி வந்தது? அதிலும் ரயிலுக்கு ஒரு பங்கு உண்டு.

உலக சினிமாவின் மிகப் பழைய படங்களில் ஒன்று, பிரான்சில் லா சியோட்டா என்ற ஸ்டேஷனுக்குள் ரயில் வருவதைக் காட்டுவது. லூமியேர் சகோதரர்கள் எடுத்தது. ஒரு நிமிடம்கூட ஓடாது. ரயில் தங்கள் மேல் ஏறிவிடும் என்று பயந்து ஜனங்கள் ஓடினார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். அது உண்மையில் நடந்ததா என்று ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள். ஆனால் ஒன்று நிச்சயம். ஸ்டேஷனும் ரயிலும் பிறந்த குழந்தையாக இருந்த சினிமாவுக்கே பிடித்துப்போயின.

அந்த சினிமாவைக் கொங்கு நாட்டுக்குக் கொண்டு வந்தவர் யார்? ஒரு ரயில்வே ஊழியர்! கோயம்புத்தூரைச் சேர்ந்த சாமிக்கண்ணு வின்சென்ட் திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் வேலை பார்த்தவர். 1905-ல் டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் படங்களையும் வாங்கினார். வேலையை விட்டார். கூடாரம் போட்டு ஊர் ஊராகப் படம் காட்டினார். 1914-ல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற தியேட்டரைக் கட்டினார். வெரைட்டி ஹால் ரோடு என்ற பெயர் இன்னும் நகரத்தில் வாழ்கிறது. படம் பார்க்கும் உரிமை அரண்மனையிலிருந்தும் கிளப்பிலிருந்தும் தெருவுக்கு வந்தது இப்படிப்பட்டவர்களால்தான்.

படம் பார்ப்பது இப்படி எளிதானது. எடுப்பது அவ்வளவு எளிதாக இல்லை. 1923-ல் வந்த அலுவல் ரகசியச் சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது. அரசு அறிவிக்கை செய்தால் ஒரு ரயில் பாதையும் "தடைசெய்யப்பட்ட இடம்" ஆகிவிடலாம். அந்தச் சட்டத்தின் பார்வையில் போட்டோவும் ஒரு வரைபடம்தான். எதிரிக்கு உதவும் வகையில் அப்படிப்பட்ட இடத்தைப் படம் எடுப்பது குற்றம். பாலங்களிலும் அணைகளிலும் துறைமுகங்களிலும் "போட்டோ எடுக்கக் கூடாது" என்ற போர்டுகளைப் பார்க்காதவர்கள் உண்டா? ஸ்டேஷனில் கேமராவைத் தூக்கினாலே "யாருப்பா நீ, எதுக்கு எடுக்கற?" என்ற கேள்வி வந்த காலம் ரொம்பத் தூரத்தில் இல்லை. தன் பணத்தில் கட்டிய கட்டடத்தைத் தானே படம் எடுக்கத் தயங்கி நின்றான் குடிமகன்.

அந்தத் தயக்கத்தை உடைத்தது சட்டத் திருத்தம் அல்ல, செல்போன். ஒவ்வொரு பயணியின் சட்டைப் பையிலும் கேமரா வந்துவிட்ட பிறகு யாரைத் தடுப்பது, யாரை விடுவது? சினிமா ஷூட்டிங் என்றால் இன்றும் ரயில்வே அனுமதி வேண்டும், கட்டணமும் உண்டு. ஆனால் குடும்பத்தோடு எடுக்கும் படம் சாதாரணமாகிவிட்டது. (தண்டவாளத்தில் இறங்கி செல்ஃபி எடுப்பது வேறு கதை. 1989-ஆம் வருட ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி அத்துமீறி நுழைவதற்கு ஆறு மாதம் வரை சிறையோ 1000 ரூபாய் வரை அபராதமோ உண்டு. அதைவிடப் பெரிய தண்டனையை ரயிலே கொடுத்துவிடும்!)

மஞ்சள் பலகை பேசும் அரசியல்

ஸ்டேஷனில் எல்லோரும் படம் எடுப்பது எதை? கட்டடத்தைக்கூட அல்ல, பெயர்ப்பலகையை. அதுதான் கட்டடத்தின் முகம். மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்து. தமிழ், இந்தி, ஆங்கிலம். கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்ற குறிப்பு. பலகை முன் நின்று படம் எடுத்தால் "நான் இந்த ஊருக்கு வந்தேன்" என்பதற்கு அரசே சாட்சிக் கையெழுத்துப் போட்ட மாதிரி!

அரசின் கையெழுத்து என்பதால்தான் அதில் சண்டையும் வந்தது. 1950-களின் தொடக்கத்தில் திராவிட இயக்கத்தினர் ரயில் நிலையப் பலகைகளில் இந்தி எழுத்துகளைத் தார் பூசி அழித்தார்கள். 1953-ல் டால்மியாபுரம் ஸ்டேஷனின் பெயரைக் கல்லக்குடி என்று மாற்றக் கோரி மு. கருணாநிதி தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்தது தமிழக அரசியலில் மறக்க முடியாத காட்சி. 2025 பிப்ரவரி 23 அன்று, மும்மொழிக் கொள்கை பற்றிய சச்சரவு சூடாக இருந்த நேரத்தில், பொள்ளாச்சி ஸ்டேஷன் பலகையில் இருந்த இந்தி எழுத்துகள் கறுப்பு மையால் அழிக்கப்பட்டன. ரயில்வே ஊழியர்கள் உடனே சரிசெய்தார்கள். வழக்கும் பதிவானது. போத்தனூரிலிருந்து கிளை பிரிந்து போகும் பாதையில்தான் பொள்ளாச்சி இருக்கிறது.

இதைச் சரி என்பவர்களும் உண்டு, தப்பு என்பவர்களும் உண்டு. கவனிக்க வேண்டியது வேறு. தாலுகா ஆபீஸ் போர்டிலோ கருவூலத்தின் போர்டிலோ இவ்வளவு பேர் மனசு வைப்பதில்லை. ஸ்டேஷன் பலகையில் வைக்கிறார்கள். காரணம் எளிது. தினமும் கண்ணில் படும் அரசு அதுதான்.

திரூரில் நடந்ததையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். திரூர் நகராட்சி தன் டவுன்ஹாலுக்கே வேகன் துயரத்தின் நினைவாகப் பெயர் வைத்திருக்கிறது. அதுவும் ஓர் அரசுக் கட்டடம். கல்யாணத்துக்கும் கூட்டத்துக்கும் போகிறவர்கள் அந்தப் பெயரைச் சொல்லாமல் வழி கேட்க முடியாது. ஆனால் அதே ஊர் ரயில்வே ஸ்டேஷனில் 2018 நவம்பரில் அழகுபடுத்தும் பணியின்போது வேகன் துயரத்தைச் சுவரில் ஓவியமாக வரைந்தார்கள். எதிர்ப்பு வந்ததும் ரயில்வே நிர்வாகம் சீக்கிரமே அதை அழித்துவிட்டது. ஒரே ஊர், ஒரே சம்பவம். ஓர் அரசுக் கட்டடம் நினைவு வைத்துக்கொண்டது, இன்னொன்று வெள்ளையடித்துக்கொண்டது.

ரயில் புறப்பட்ட திரூரில் இவ்வளவு நடந்திருக்கிறது. கதவு திறந்த போத்தனூரில்?

ஒரு வரி எழுதினால் போதும்

ஒரு பழைய கட்டடத்தைப் படம் எடுப்பவர்கள் பொதுவாக அழகைத்தான் தேடுகிறார்கள். வளைவான வாசல், தேக்கு மரக் கதவு, மழையில் நனைந்த பிளாட்பாரம், மாலை வெயில். தப்பில்லை. போத்தனூரில் 1862 என்ற வருடத்தைச் சொன்னால் "அடேயப்பா!" என்று ஒரு பெருமிதமும் வருகிறது. அதுவும் தப்பில்லை.

ஆனால் பழமை மட்டும் வரலாறு ஆகிவிடாது. 1862 என்பது கம்பெனியின் வருடம். லண்டன் பங்குதாரர்கள் கொண்டாடிய வருடம். 1921 அந்த வேகனில் இருந்தவர்களின் வருடம். 1928 பட்டறைத் தொழிலாளர்களின் வருடம். முதல் வருடத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிட்டால், டிரைப் காலத்தில் நடந்ததுதான் திரும்பவும் நடக்கிறது. கேமரா மக்கள் கைக்கு வந்துவிட்டது, பார்வை மட்டும் இன்னும் பழைய எஜமானருடையதாகவே இருக்கிறது என்று அர்த்தம்.

இதற்குப் பெரிய நினைவுத்தூண் கட்ட வேண்டும், கமிட்டி போட வேண்டும் என்றெல்லாம் இல்லை. கட்டினால் நல்லதுதான். அதற்கு மனு, டெண்டர், அனுமதி என்று வருடங்கள் ஓடும். ஆனால் போட்டோவுக்குக் கீழே ஒரு வரி எழுத யாருடைய அனுமதியும் தேவையில்லை. சுவரில் வரைந்த ஓவியத்தை நிர்வாகம் அழிக்கலாம். ஆயிரம் பேர் செல்போனில் இருக்கும் ஒரு படத்தையும் அதன் கீழே இருக்கும் ஒரு வரியையும் அழிப்பது கஷ்டம்.

அரசுக் கட்டடம் என்பது அரசு மக்களுக்காகக் கட்டியது என்று நினைப்பது வழக்கம். போத்தனூரின் கதை வேறு மாதிரி சொல்கிறது. வரி கட்டியவர்கள், செங்கல் சுமந்தவர்கள், தண்டவாளம் போட்டவர்கள், சங்குச் சத்தத்துக்கு எழுந்து பட்டறைக்குப் போனவர்கள், அங்கே செத்துக் கிடந்தவர்கள் எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு. 5 சதவீத உத்தரவாதம் இல்லாத பங்கு!

அடுத்த தடவை போத்தனூரில் இறங்கினால் அந்த மஞ்சள் பலகையோடு தாராளமாக ஒரு போட்டோ எடுங்கள், சிரித்துக்கொண்டே எடுங்கள். ஸ்டேஷன் சந்தோஷமான இடம்தான். கீழே ஊர் பெயரும் தேதியும் போட்ட பிறகு "1921 நவம்பர், திரூரிலிருந்து வந்த வேகன் இங்கேதான் திறந்தது" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பார்க்கிற நண்பர் "அது என்ன கதை?" என்று கட்டாயம் கேட்பார். சொல்லுங்கள்.